திரும்பாத அலைகள்

கிணற்றில் கல்லெறிந்தால் அலை சுவரில் மோதித் திரும்பும். எல்லையற்ற வெளியில் ஒரு பொருளின்மேல் பட்டுச் சிதறும் ஒலி அலையோ அகன்றுகொண்டே போகும். ஆனால் கணிதச் சமன்பாடு, வெளியே செல்லும் அலையையும் தொலைவிலிருந்து உள்ளே வரும் அலையையும் ஒருங்கே ஏற்கும். உண்மையான விடையைத் தேர்வது எப்படி? 1912-இல் அதற்கு விதி வகுத்தவர் அர்னால்டு சோமர்ஃபெல்ட்.

1868-இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்த இவர், 1906 முதல் மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கினார். இவருடைய மாணவர்களான டிபை, ஹைசன்பெர்க், பௌலி, பெத்தே ஆகிய நால்வரும் நோபல் பரிசு பெற்றனர். பலமுறை முன்மொழியப்பட்டும் இவருக்கு அது கிட்டவில்லை.

1928-இல் சென்னை வந்தபோது, தம்மைத் தேடி வந்த மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகருக்குப் புதிய குவாண்டம் இயற்பியலை எடுத்துரைத்து, அச்சில் இருந்த தம் கட்டுரையையும் கொடுத்தார். அம்மாணவர் 1983-இல் நோபல் பரிசு பெற்றார்.

1951-இல் பேரக்குழந்தைகளோடு உலவச் சென்றபோது மோட்டார் வண்டி மோதிக் காயமுற்று, ஏப்ரல் 26-இல் காலமானார்.

கணிப்பொறியால் முடிவற்ற வெளி முழுவதையும் கணக்கிட இயலாது. எனவே அறிஞர்கள் செயற்கையாக ஓர் எல்லை வகுத்து, அலை அங்கே மோதித் திரும்பாதிருக்க அவர் விதியைத் தழுவிய நிபந்தனைகளை இடுகின்றனர்.

தோழியரே, நல்லாசிரியரின் கல்வியும் அவ்வாறே வெளியே பரவும். தமக்குத் திரும்பி வருமா என்று பார்ப்பதில்லை.