தேம்ஸ் படகில் புரூனெலைத் தேடி...

நண்பர்களே, லண்டன் போனா தேம்ஸ் நதியில் படகு ஏறாம திரும்பாதீங்க. எல்லாரும் பாராளுமன்றத்தையும் டவர் பாலத்தையும் போட்டோ எடுப்பாங்க. நீங்க இசம்பார்ட் கிங்டம் புரூனெல் என்ற பொறியாளரைத் தேடுங்க.

வெஸ்ட்மின்ஸ்டரில் கிளம்பியதும் ஹங்கர்ஃபோர்டு ரயில் பாலம் வரும். அதன் செங்கல் தூண்கள், 1845-ல் திறந்த புரூனெலின் தொங்குபாலத்தில் மிஞ்சியவை. அந்தப் பாலத்தின் சங்கிலிகள் பிரிஸ்டல் நகரின் கிளிஃப்டன் பாலத்துக்குப் போய்விட்டன.

டவர் பாலம் தாண்டி ராதர்ஹைத் வந்தா, உங்க படகுக்குக் கீழேயே ஒரு சுரங்கம் இருக்கு! புரூனெலின் அப்பா மார்க் 1825-ல் தொடங்கியது. அதற்குப் பொறுப்புப் பொறியாளரானபோது மகனுக்கு வயசு 20. நம்ம வயசுதான். 1828 ஜனவரியில் நதி உள்ளே புகுந்தது. 6 தொழிலாளர்கள் இறந்தார்கள். புரூனெல் மயிரிழையில் தப்பினார். பணமில்லாமல் பல வருஷம் நின்ற வேலை 1843-ல் முடிந்தது. இன்னைக்கும் அதில் ரயில் ஓடுது. கரையிலுள்ள பழைய எஞ்சின் கூடம்தான் புரூனெல் அருங்காட்சியகம்.

அடுத்து மில்வால். அவருடைய கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் 1857 நவம்பரில் தண்ணீரில் இறங்காமல் அடம்பிடித்த இடம். 1858 ஜனவரி 31-ல்தான் மிதந்தது. அடுத்த வருஷமே, 53 வயசில், புரூனெல் இறந்தார். பயணிகளை வைத்து லாபம் பார்க்காத அந்தக் கப்பல்தான் 1866-ல் அட்லாண்டிக் தந்திக் கேபிளைப் பதித்தது.

ப்ராஜெக்ட் சொதப்பினா புரூனெலை நினைச்சுக்கோங்க. டிசைன் போடும்போது அந்த 6 பேரையும் மறக்காதீங்க.