சங்ககிரித் தூக்குமேடை

காங்கயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756-இல் பிறந்தான் தீர்த்தகிரி. மைசூருக்குப் போன வரிப்பணத்தை வழிமறித்துப் பறித்தான். சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்ததாகப் போய்ச் சொல்லச் சொன்னான் என்பது ஊர் வழக்கு. பட்டப்பெயரே பெயராயிற்று, தீரன் சின்னமலை!

எந்த மைசூரின் பணத்தை மறித்தானோ, அந்த மைசூருக்காகவே பின்னர் வாளெடுத்தான். ஏன்? கும்பினி எனும் பெரும்பகை வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்துப் பகையை அப்போது பாராட்டலாமா? கொங்கு இளைஞர்களைத் திரட்டிச் சென்று திப்புவின் பக்கம் நின்றான். 1799 மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு மாண்டான். சின்னமலையோ மண்டியிடவில்லை. ஓடாநிலையில் கோட்டை கட்டினான்.

1801-இல் காவிரிக்கரை, 1802-இல் ஓடாநிலை, 1804-இல் அறச்சலூர். மூன்று களத்திலும் அவன் கையே ஓங்கியது என்று கொங்குநாடு சொல்கிறது. பிறகு பீரங்கிகள் வந்தன. வந்து பார்த்தால் கோட்டை காலி! ஓடிவிட்டான் என்பார் உண்டு. வெறுங்கோட்டையை இடித்தவனைவிட, வீரரைக் காத்து வெளியேறியவன் கோழையா?

பழனிப் பக்கத்துக் கருமலையில் மறைந்திருந்தவனைப் பீரங்கி பிடிக்கவில்லை; சோறாக்கிப் போட்ட கையே காட்டிக்கொடுத்தது என்கிறார்கள்.

1805 ஜூலை 31, ஆடிப் பதினெட்டு. காவிரிக்கரை புதுவெள்ளத்தைக் கொண்டாடும் நாள். அன்றுதான் சங்ககிரிக் கோட்டையில் அவனையும் உடன்பிறந்தாரையும் தளபதி கருப்பசேர்வையையும் தூக்கிலிட்டது கும்பினி. கூடவே களம் கண்ட காலாட்கள் எத்தனையோ பேர். ஓடாநிலையில் அவனுக்கு மணிமண்டபம் எழுந்தது. அந்தக் காலாட்களின் வீடுகளில் அந்த ஆடியில் யார் விளக்கேற்றியிருப்பார்கள்?