புகழ்வேல்: பதுளை மேஜர் றொஜர்ஸ் வரலாறு

ஊவா மலைநாட்டின் பழங்கதைகளில் மேஜர் றொஜர்ஸ் என்னும் பெயர் யானையோடும் இடியோடும் சேர்த்தே பேசப்படுகிறது. அம்மனிதரின் வாழ்வைக் கூறப் புகுமுன் அவர் தாங்கிய பெயரைச் சற்று ஆராய்வோம். அதிலும் ஒரு கதை இருக்கிறது.

றொஜர் என்பது பழைய ஜெர்மானிய மொழியில் எழுந்த பெயர். முற்பகுதி புகழைக் குறிக்கும். பிற்பகுதி வேலைக் குறிக்கும். நம் மொழியில் புகழ்வேல் எனலாம். வடபுலத்திலிருந்து வந்து பிரான்சின் கரையில் குடியேறிய நோர்மானியர் பிரெஞ்சு மொழியை ஏற்றனர். ஆயின் இத்தகைய பெயர்களைக் கைவிடவில்லை. 1066இல் வில்லியம் இங்கிலாந்தை வென்றபின் இப்பெயர் அந்நாட்டில் பெருகிற்று. வென்றவர் பெயரைத் தோற்றவரும் தம் மக்களுக்கு இட்டனர். காலப்போக்கில் அதன் செல்ல வடிவமாகிய ஹொட்ஜ், உழவனைக் குறிக்கும் பொதுச்சொல்லாகவே ஆகிவிட்டது! றொஜரின் மகன் றொஜர்ஸ். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தைச் சுமப்பதுபோல அவர்கள் தந்தை பெயரையே குடும்பப் பெயராக்கி நிலைநிறுத்தினர்.

இப்பெயருக்கும் இலங்கைக்கும் பழைய தொடர்பு ஒன்றுண்டு. சிசிலியை ஆண்ட நோர்மானிய மன்னன் இரண்டாம் றொஜரின் அவையில் அரபு அறிஞர் அல் இத்ரீசி 1154இல் ஒரு புவியியல் நூலை முடித்தார். அரபு மொழியில் அது றொஜரின் நூல் என்றே வழங்கிற்று. அதில் சரந்தீப் என்னும் பெயரால் நம் தீவும் வருணிக்கப்பட்டது.

தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் இலங்கை றைபிள் படையில் மேஜராகவும், பதுளையின் உதவி அரசாங்க அதிபராகவும், மாவட்ட நீதிபதியாகவும் விளங்கினார். அவருடைய உடம்பில் நோர்மானிய இரத்தம் ஓடிற்று என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. பெயர் ஒன்று, குருதி வேறு. அவர் பதுளைக்கு வந்த காலம் 1817–18 ஊவாக் கிளர்ச்சியின் காயம் ஆறாத காலம். ஆங்கிலப் படை ஊர்களையும் வயல்களையும் அழித்திருந்தது. அவ்வாட்சியின் அலுவலரான ஒருவர் குடிகளின் நன்மதிப்பைப் பெறுவது எளிதன்று. றொஜர்ஸ் அதைப் பெற்றார். பாதைகளை அமைத்தார், வழக்குகளை நேர்மையாகத் தீர்த்தார் என்பது அவரைப் பற்றி நிலைத்த பேச்சு.

எனினும் உலகம் அவரை அறிந்தது வேட்டையால். பதுளையிலிருந்து பசறையும் லுணுகலையும் கடந்து பிபிலைப் பக்கம் இறங்கினால் அக்காலத்தில் யானைக்காடு. யானை பயிரை அழிக்கும் பகை என்று கருதிய அரசு, கொன்ற யானைக்குத் தலைக்கு இத்தனை ஷில்லிங் என வெகுமதியும் கொடுத்தது. றொஜர்ஸ் வீழ்த்திய யானைகள் 1,400க்கு மேல் என்று எமர்சன் டெனன்ட் எழுதினார். 1844இல் புருசிய இளவரசர் வல்தெமாருடன் வந்த மருத்துவர் ஹொப்மைஸ்டர், றொஜர்ஸின் இல்லம் தந்தங்களால் நிறைந்திருந்ததைக் கண்டு வியந்தார். இலங்கை யானைகளில் தந்தமுடையவை மிகச் சில. கொன்றவற்றுள் அறுபதுக்குச் சற்று மேற்பட்டவையே கொம்பன்கள். எஞ்சியவை எதற்காக மாண்டன? 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தீவு முழுவதிலும் இருந்த காட்டு யானைகள் 5,879. அதில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு அளவை ஒரு மனிதரின் துப்பாக்கி அழித்தது.

போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வென்ற வீரனுக்கே பரணி பாடுதல் வேண்டும் என்பது நம் பாட்டியல் நூலார் விதி. வில்லியம் முடிசூடி நான்காண்டுகளின் பின் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரே சயங்கொண்டார் பரணிக்குப் பொருளாயிற்று. எண்ணிக்கையை மட்டும் நோக்கினால் பதுளை மேஜரும் பரணிக்கு உரியவரே! ஆயின் அவர் கொன்றவை பகைவரின் படையானைகள் அல்ல. குட்டியுடன் நீர்த்துறைக்கு வந்த காட்டு விலங்குகள். விதியில் போர்க்களம் என்ற சொல்லை வைத்த புலவன் அறிந்தே வைத்தான் என்று தோன்றுகிறது.

1845 ஜூன் 7. அப்புத்தளை வாடிவீட்டில் றொஜர்ஸ் தங்கியிருந்தபோது கடும் இடிமழை பிடித்தது. புயல் ஓய்ந்ததா என்று பார்க்க அவர் திண்ணைக்கு வந்தார் என்றும், அக்கணமே மின்னல் தாக்கிற்று என்றும் கூறுவர். வயது 41. அவருடைய தந்தங்களை எண்ணி வியந்த ஹொப்மைஸ்டரும் அவ்வாண்டு டிசம்பரில் பஞ்சாபில் பெரோஸ்ஷா போர்க்களத்தில் மாண்டார்.

யானைகளின் சாபமே இடியாக இறங்கிற்று என்று ஊரார் பேசினர். நுவரெலியாவில் அவரை அடக்கிய இடத்துக் கல்லையும் மின்னல் பிளந்தது என்று கதை வளர்ந்தது. மலை உச்சியில் மின்னல் விழுவது இயல்பு; ஆயினும் 1,400 உயிர்களுக்கு ஒரு வழக்கு உண்டு என்று எளிய மக்கள் கருதியதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை.

பதுளையில் அவர் நினைவாக எழுந்த பரிசுத்த மாற்கு ஆலயம் 1857இல் பேராயர் சாப்மனால் அர்ப்பணிக்கப்பட்டது. எல்லா நிலையினரும் சேர்ந்து எடுத்த ஆலயம் இது என்று அங்குள்ள நினைவுக்கல் தெரிவிக்கிறது. அவருடைய படைப்பதவி, ஆட்சிப்பதவி, நீதிபதிப் பதவி, இடியால் இறந்த நாள், வயது யாவும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. யானைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.