சிங்கரின் கதையும் மெஷினின் இலக்கமும்

வலிகாமம் இடப்பெயர்வில் அரிசி, பாயோடு சைக்கிளில் ஏறிய சாமான்களில் கறுப்புத் தையல் மெஷின் தலையும் ஒன்று. அதில் பெயர் பொறித்த ஐசக் மெரிட் சிங்கர் 1811இல் நியூயோர்க் மாநிலத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே வீட்டை விட்டுப் போய், நாடகக் குழுக்களோடு ஊரூராய் அலைந்தார். 1850இல் பொஸ்டனில் பிழையாக ஓடிய தையல் மெஷினொன்றைப் பார்த்துத் திருத்தியமைத்தார். 1851 ஓகஸ்ட் 12இல் காப்புரிமை கிடைத்தது. இரட்டை நூல் தையலுக்கு 1846இலேயே காப்புரிமை பெற்றிருந்த எலியாஸ் ஹோவ் வழக்குப் போட்டு வென்றார். சிங்கர் பணம் கட்ட நேர்ந்தது. ஏழை வீட்டுக்குள் மெஷினைக் கொண்டுவந்தது பங்காளி எட்வர்ட் கிளார்க் 1856இல் தொடங்கிய தவணை முறைதான் என்பேன். இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தகப்பனான சிங்கர் 1875இல் இங்கிலாந்தில் இறந்தார். நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877இல்தான்.

மெஷினின் வயதறிய அடித்தட்டின் வலப்பக்க இலக்கத்தைப் பாருங்கள். பழைய சிங்கரில் எழுத்தின்றி இலக்கம் மட்டுமென்றால் 1900க்கு முந்தியது. எஃப், வை போன்ற ஒற்றை ஆங்கில எழுத்தென்றால் ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் ஆலையில் அதற்குப் பின் செய்தது. ஈயில் தொடங்கும் இரட்டை எழுத்து இன்னும் பிந்தியது. துரு இருந்தால் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள், உரஞ்ச வேண்டாம். வீடு திரும்பியபோது மெஷினைக் காணாதவர்கள் பழைய பற்றுச்சீட்டையும் தேடலாம். ஒரே கறுப்பு, ஒரே பொன்னெழுத்து என்றாலும் இரண்டு மெஷினுக்கு ஒரே இலக்கம் இராது.