அர்ச். தேவ அருளப்பர்

மார்ச் 8-ம் தேதி அர்ச். தேவ அருளப்பர் திருநாள். ஜான் ஆப் காட் என்றால் உங்களில் சிலருக்கு உடனே விளங்கும். ஆஸ்பத்திரிகளுக்கும் நோயாளிகளுக்கும் அவர் பாதுகாவலர் என்பதை அறிவீர்கள். அவரே பைத்தியக்காரர் விடுதியில் கட்டுண்டு கிடந்தவர் என்பதைப் பலர் அறியார்.

1495-ல் போர்த்துக்கல் தேசத்தில் பிறந்தார். ஆடு மேய்த்தார், போர்ச்சேவகரானார், கடைசியில் ஸ்பெயினிலுள்ள கிரனாடா பட்டணத்தில் புத்தகக் கடை வைத்தார். நாற்பது வயது கடந்தபின், அர்ச். செபஸ்தியார் திருநாளொன்றில் ஆவிலா அருளப்பரின் பிரசங்கத்தைக் கேட்டு நிலைகுலைந்து போனார். புத்தகங்களைக் கிழித்தார், உள்ளதையெல்லாம் வாரிக் கொடுத்தார், தெருவில் புரண்டு அலறினார். பிள்ளைகள் கல்லெறிந்தார்கள். அரச ஆஸ்பத்திரியில் அவரைக் கட்டிவைத்துச் சாட்டையால் அடித்தார்கள். அடித்தவர்கள் கொடியவர்களல்லர், அக்காலத்து வைத்தியமே அதுதான்.

அவர் தாழ்ச்சியை முன்னிட்டுப் பைத்தியம்போல் நடித்தார் என்று பழைய சரித்திரங்கள் சில கூறும். எனக்கு அது ஒப்பவில்லை. அர்ச்சியசிஷ்டவருக்குக் காய்ச்சல் வரலாம், க்ஷயரோகம் வரலாம், மனநோய் மட்டும் வரலாகாதா? அது பாவத்தின் கூலியா, பேயின் வேலையா? பிள்ளையை மந்திரிக்க அழைத்து வருகிறவர்கள் நம் பங்கிலும் உண்டு. அழைத்து வாருங்கள், செபிக்கிறேன். டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். கலியாணம் முடித்தால் சரியாகிவிடும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். அதனால் இரண்டு பேர் வருந்துவார்கள்.

ஆவிலா அருளப்பர் ஆறுதல் கூற, நம் அர்ச்சியசிஷ்டவர் தெளிந்தார். தெளிந்தவர் ஓடிப்போகவில்லை, அங்கேயே மற்ற நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். பிறகு வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, கைவிடப்பட்டவர்களைத் தோளில் சுமந்து வந்து கிடத்தினார். இரவில் கூடையோடு பிச்சையெடுத்து அவர்களுக்கு உணவிட்டார். 1549-ல் அந்த அரச ஆஸ்பத்திரி தீப்பற்றியபோது, தாம் அடிபட்ட அதே கட்டடத்துக்குள் புகுந்து நோயாளிகளை வெளியே கொண்டுவந்தார்.

ஏர்வாடியில் அப்படி ஒருவர் இல்லை. 2001 ஆகஸ்டு 6-ம் தேதி விடியற்காலையில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியிடலாகாதென்று 2017-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. நம் பட்டணத்திலோ 1794 முதலே இவர்களுக்கு ஆஸ்பத்திரி உண்டு. கீழ்ப்பாக்கம் அதன் வழிவந்ததே. கே.கே. நகரிலிருந்து அது அதிக தூரமில்லை. அந்த ஊர்ப் பெயரையே நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம்!

ஆற்றில் அகப்பட்ட வாலிபனைக் காக்கக் குதித்த குளிரில் அவருக்கு நோய் முற்றியது. 1550 மார்ச் 8-ம் தேதி, முழந்தாளிட்டபடியே உயிர்விட்டார். அவர் வழிவந்த சகோதரர்கள் இன்றும் பல தேசங்களில் மனநோயாளிகளைப் பராமரித்து வருகிறார்கள்.