வசவுக்குக் கணக்கால் பதில் சொன்னவர்
தாதாபாய் நவுரோஜியின் வாழ்க்கை

வெள்ளைக்கார சர்க்கார் அச்சடித்த கணக்குப் புத்தகங்களைக் கொண்டே, அந்த சர்க்காரை வாயடைக்க வைத்தவர் ஒருவர் இருந்தார்.

அவர்தான் தாதாபாய் நவுரோஜி. இந்தியாவின் முதுபெரும் தலைவர் என்று போற்றப்பட்டவர். காங்கிரஸ் மகாசபைக்கு மூன்று முறை தலைமை வகித்தவர். மகாகவி பாரதியார் அவரைப் பற்றிக் கவிதை பாடியிருக்கிறார்.

தாதாபாயை ஏசியவர்கள் பலர். கேலி செய்தவர்கள் பலர். அவர் யாரையும் திருப்பி ஏசவில்லை. கணக்கை எடுத்து முன்னால் வைத்தார்.

தாய் சொன்ன பாடம்

தாதாபாய் 1825-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 4-ந்தேதி ஏழை பார்சி குடும்பத்தில் பிறந்தார். தந்தை பூசாரி. தாதாபாய்க்கு நான்கு வயது இருக்கும்போது அவர் இறந்து போனார்.

தாயார் மானெக்பாய் படிக்காதவர். ஆனால் மகனைப் படிக்க வைப்பதில் உறுதியாக நின்றார்.

தெருவில் விளையாடும்போது சில பையன்கள் கெட்ட வார்த்தை பேசுவார்கள். அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தாயார் சொல்லிக் கொடுத்திருந்தார். நீ சொன்ன கெட்ட வார்த்தை உன் வாயிலேயே தங்கும் என்பதுதான் அந்தப் பதில். சிறுவன் தாதாபாய் அதைச் சொல்லிவிட்டு நகர்ந்து விடுவான். இதை அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்து எழுதினார்.

சம்பளம் இல்லாத பள்ளிக்கூடத்தில் தாதாபாய் படித்தார். பொதுமக்கள் பணத்தில் படித்த படிப்பு, பொதுமக்களுக்கே பயன்பட வேண்டும் என்ற எண்ணம் அவர் மனதில் வேரூன்றியது.

கணக்கில் அவர் புலி. பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து, அங்கேயே கணிதப் பேராசிரியர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

வீடு வீடாகச் சென்றார்

அந்தக் காலத்தில் பெண் குழந்தைகள் பள்ளிக்கூடம் போவதில்லை. பெண் படித்தால் குடும்பம் கெடும் என்று பெரியவர்கள் நினைத்தார்கள்.

1849-ம் ஆண்டில் தாதாபாயும் நண்பர்களும் பெண்களுக்காகப் பள்ளிகள் தொடங்கினார்கள். வீடு வீடாகச் சென்றார்கள். திண்ணையில் உட்கார இடம் கொடுங்கள், உங்கள் பெண்ணுக்கு எழுத்து சொல்லித் தருகிறோம் என்று கேட்டார்கள்.

சிலர் வரவேற்றார்கள். சிலர் சீறி விழுந்து விரட்டினார்கள். வாலிபர்கள் சண்டைக்கு நிற்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் போனார்கள். வகுப்புகள் நடந்தன. படித்த பெண்ணால் குடும்பம் கெடவில்லை என்பதை ஊரே கண்ணால் பார்த்தது.

1851-ம் ஆண்டு பம்பாயில் ஒரு கலவரம் மூண்டது. பார்சி ஒருவர் நடத்திய பத்திரிகையில் வந்த படம் முஸ்லிம்களின் மனதைப் புண்படுத்தியதே அதற்குக் காரணம். அந்த ஆண்டிலேயே தாதாபாய் ஒரு குஜராத்திப் பத்திரிகை தொடங்கினார். அதற்கு 'ராஸ்த் கோப்தார்' என்று பெயர் வைத்தார். உண்மை பேசுபவன் என்பது அதன் பொருள்.

லண்டனில் ஒரு வாதம்

1855-ம் ஆண்டு தாதாபாய் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். காமா கம்பெனியில் பங்குதாரராகச் சேர்ந்தார். மதுவும் அபினியும் விற்ற லாபத்தில் பங்கு வாங்க அவர் மனம் ஒப்பவில்லை. அதிலிருந்து விலகி, தனியாகப் பஞ்சு வியாபாரம் செய்தார்.

லண்டனில் ஜான் கிராபர்டு என்ற அறிஞர் இருந்தார். இனங்களை ஆராயும் சங்கத்துக்கு அவர் தலைவர். ஆசியாக்காரர்கள் ஐரோப்பியரைவிட அறிவிலும் ஒழுக்கத்திலும் தாழ்ந்தவர்கள் என்று அவர் வாதித்தார்.

இதைக் கேட்கும் இந்தியன் எவனுக்கும் ரத்தம் கொதிக்கும். தாதாபாய்க்கும் கொதித்திருக்கும். ஆனால் அவர் நூல்களைப் புரட்டினார். இந்தியாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்த ஆங்கில அதிகாரிகள், இந்தியரின் நேர்மையைப் பற்றி எழுதியவற்றைத் தேடி எடுத்தார். 1866-ம் ஆண்டு அதே சங்கத்தின் முன்னால் நின்று அவற்றைப் படித்தார்.

சில மோசக்காரர்களைப் பார்த்துவிட்டு ஒரு நாட்டையே எடை போடக்கூடாது என்றார். அப்படிப் பார்த்தால், எடை குறைத்தும் கலப்படம் செய்தும் விற்கும் கடைக்காரர்கள் இங்கிலாந்திலும் உண்டே என்று எடுத்துக்காட்டினார். அதற்காக ஆங்கிலேயர் அனைவரும் மோசக்காரர்கள் ஆகிவிடுவார்களா?

தலைக்கு 20 ரூபாய்

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியா செழிக்கிறது என்று லண்டனில் பேசிக்கொண்டார்கள். ரெயில் வந்தது, தபால் வந்தது, ஏற்றுமதி பெருகியது என்று அடுக்கினார்கள். இந்தியாவிலோ பஞ்சத்தில் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

மக்கள் ஏழைகள் என்று சொன்னால், அது வெறும் புலம்பல் என்று அதிகாரிகள் ஒதுக்கினார்கள். எனவே, இந்தியன் ஒருவனுக்கு ஆண்டு வருமானம் எவ்வளவு என்று கணக்குப் போட தாதாபாய் முடிவு செய்தார்.

அதற்கு அவர் எடுத்துக்கொண்டவை சர்க்காரின் அறிக்கைகள்தான். ஒவ்வொரு மாகாணத்திலும் எத்தனை ஏக்கர் பயிராகிறது, ஏக்கருக்கு என்ன விளைகிறது, என்ன விலை போகிறது என்று பார்த்தார். உப்பு, நிலக்கரி, கைத்தொழில் எல்லாவற்றையும் சேர்த்தார். சந்தேகம் வந்த இடத்தில் தொகையைக் கூட்டியே போட்டார். குறைத்துக் காட்டினான் என்று யாரும் சொல்லக்கூடாது அல்லவா?

கிடைத்த விடை என்ன? ஆண்டுக்குத் தலைக்கு 20 ரூபாய்!

பிறகு சிறைச்சாலை அறிக்கைகளை எடுத்தார். ஒரு கைதிக்குச் சோறும் துணியும் கொடுக்க சர்க்கார் எவ்வளவு செலவழிக்கிறது என்று பார்த்தார். அது 20 ரூபாயை விட அதிகமாக இருந்தது. குற்றம் செய்து சிறையில் இருப்பவனுக்குக் கிடைப்பதுகூட, வெளியே உழைப்பவனுக்குக் கிடைக்கவில்லை!

பணம் எங்கே போகிறது என்பதையும் அவர் விளக்கினார். இங்கிலாந்திலிருந்து வந்த அதிகாரிகளின் சம்பளத்தில் பெரும்பகுதி இங்கிலாந்துக்கே சென்றது. பென்ஷன், கடன் வட்டி, லண்டன் அலுவலகச் செலவு எல்லாம் இந்திய மக்களின் வரிப்பணத்தில் போயின. சரக்கு கப்பல் ஏறியது. அதற்கு ஈடாக வரவேண்டியது முழுமையாகத் திரும்பி வரவில்லை.

1873-ம் ஆண்டு பாராளுமன்றக் கமிட்டி ஒன்றின் முன் இந்தக் குறிப்புகளை வைத்தார். கமிட்டி வாங்கிக்கொண்டது. ஆனால் அறிக்கையோடு சேர்த்து அச்சிடவில்லை! தாதாபாய் சோர்ந்து போகவில்லை. 1876-ம் ஆண்டு பம்பாயில் அதை விரிவான கட்டுரையாகப் படித்தார்.

27 ரூபாய் எப்படி வந்தது?

சர்க்காருக்குச் சங்கடம் ஆகிவிட்டது. 1882-ம் ஆண்டு இந்திய சர்க்காரின் நிதி மந்திரி ஈவ்லின் பேரிங், தலைக்கு வருமானம் 27 ரூபாய் என்று அறிவித்தார்.

அந்தக் கணக்கின் விவரத்தைக் காட்டுங்கள் என்று தாதாபாய் கேட்டு எழுதினார். சர்க்கார் காட்ட மறுத்துவிட்டது.

அதிலும் அவர் நிதானம் இழக்கவில்லை. 27 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், ஆண்டு முழுவதும் ஒரு மனிதன் வாழ அது போதுமா என்று கேட்டார். பதில் வரவில்லை.

தாதாபாயின் கணக்கில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. விளைபொருளையும் செய்பொருளையும் மட்டுமே அவர் சேர்த்தார். மற்ற உழைப்பின் ஊதியத்தைச் சேர்க்கவில்லை என்று பிற்காலப் பொருளாதார அறிஞர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஆனால் எப்படிக் கணக்குப் போட்டார் என்பதை அவர் ஒளிக்கவில்லை. அதனால்தான் குறையையும் கண்டுபிடிக்க முடிந்தது. ஒளித்து வைத்த கணக்கை யார் திருத்த முடியும்?

பிரதம மந்திரியின் ஏளனம்

1886-ம் ஆண்டு தாதாபாய் லண்டன் ஹால்பர்ன் தொகுதியில் பாராளுமன்றத் தேர்தலுக்கு நின்றார். தோற்றுப் போனார்.

1888-ம் ஆண்டு நவம்பர் மாதம், பிரதம மந்திரி சாலிஸ்பரி பிரபு எடின்பரோ நகரில் பேசினார். ஆங்கிலேயர் ஒரு கறுப்பு மனிதரைத் தங்கள் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்று ஏளனமாகச் சொன்னார்.

நாடெங்கும் கூச்சல் எழுந்தது. ஆங்கிலேயர் பலரே வெட்கப்பட்டார்கள். அதுவரை தாதாபாயின் பெயரைக் கேள்விப்படாதவர்களும் யார் அவர் என்று விசாரித்தார்கள். தாதாபாய் வசைக்கு வசை என்று இறங்கவில்லை. மேடை கிடைத்தபோதெல்லாம் இந்தியாவின் வறுமையைப் பேசினார்.

1892-ம் ஆண்டு மத்திய பின்ஸ்பரி தொகுதியில் மீண்டும் நின்றார். கடிகாரத் தொழிலாளர்கள் நிறைந்த பகுதி அது. போர் வீரர்களுக்குப் பணிவிடை செய்து புகழ்பெற்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அவரை ஆதரித்தார்.

தாதாபாய் ஜெயித்தார்! ஓட்டு வித்தியாசத்தை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். நவுரோஜி என்ற பெயரைத் திரித்து, 'நேரோ மெஜாரிட்டி' என்று கேலி செய்தார்கள். மயிரிழையில் வென்றவர் என்று அர்த்தம். கேலி செய்தவர்கள் வெளியே நின்றார்கள். பார்சிகளின் புனித நூலைக் கையில் வைத்து தாதாபாய் உள்ளே பிரமாணம் எடுத்தார்.

81 வயதில் சுயராஜ்யம்

உண்மை உடனே வென்றுவிடவில்லை. ஐ.சி.எஸ். பரீட்சையை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற தீர்மானம் 1893-ம் ஆண்டு மக்கள் சபையில் நிறைவேறியது. சர்க்கார் அதை அமல் நடத்தவில்லை. 1895-ம் ஆண்டு தேர்தலில் தாதாபாய் தோற்றார்.

1901-ம் ஆண்டு தம் கட்டுரைகளையும் கடிதங்களையும் பெரிய புத்தகமாக வெளியிட்டார். பிரிட்டிஷ் நேர்மையை அவர் நீண்ட காலம் நம்பியிருந்தார். கணக்கைக் காட்டியும் கண் திறக்காதவர்களிடம் இனிக் கெஞ்சிப் பயனில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

1906-ம் ஆண்டு கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை வகித்தபோது அவருக்கு வயது 81. குரல் தளர்ந்துவிட்டது. அவருடைய தலைமை உரையை கோகலே படித்தார். இந்தியாவுக்கு வேண்டியது சுயராஜ்யம் என்று அந்த உரை முழங்கியது.

1917-ம் ஆண்டு ஜூன் மாதம் 30-ந்தேதி, 91-வது வயதில் தாதாபாய் பம்பாயில் காலமானார். முப்பது ஆண்டுகள் கழித்து இந்தியா விடுதலை அடைந்தது.

அவரை ஏசியவர்களின் வார்த்தைகள், தாயார் சொன்னபடி, அவர்கள் வாயிலேயே தங்கிவிட்டன. தலைக்கு 20 ரூபாய் என்ற கணக்கோ ஊர் ஊராகப் பரவியது. ஆளுகிறவர்களிடம் கணக்குக் கேட்கலாம் என்ற துணிவை அது மக்களுக்குக் கொடுத்தது.