தமியான் அடிகள்

தமியான் அடிகள் (சனவரி 3, 1840 - ஏப்ரல் 15, 1889) பெல்ஜியம் நாட்டில் பிறந்த கத்தோலிக்கக் குரு ஆவார். அக்காலத்தில் தனி இராச்சியமாக இருந்த ஹவாயில், தொழுநோயாளிகள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மொலோக்காய் தீவில் ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் பணியாற்றினார். இறுதியில் அந்நோய்க்கு ஆளாகி அங்கேயே மறைந்தார்.

இளமை

இவரது இயற்பெயர் யோசெப் டி வூஸ்டர். திரெமெலோ என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பமொன்றில் ஏழாவது பிள்ளையாகப் பிறந்தார். மகன் குடும்பத்தின் தானிய வணிகத்தைக் கவனிக்க வேண்டும் எனத் தந்தை விரும்பினார். ஆனால் இவர் தம் அண்ணனைப் பின்பற்றி, 1859 இல் லூவேன் நகரில் இயேசு மரியின் திரு இருதயங்கள் சபையில் சேர்ந்து தமியான் என்னும் துறவறப் பெயரை ஏற்றார்.

ஹவாய்க்கு அனுப்பப்படவிருந்தவர் அண்ணனே. அவர் நோயுற்றதால், குருப்பட்டம் பெறாத நிலையிலேயே தம்பி அவருக்குப் பதிலாகச் சென்றார். 1864 மார்ச்சில் ஒனலூலுவை அடைந்த இவர், அதே ஆண்டு மே 21 அன்று அங்கு குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அடுத்த ஒன்பது ஆண்டுகள் ஹவாய் பெருந்தீவில் பணிபுரிந்தார். மக்கள் இவரைத் தம் மொழியில் கமியானோ என்று அழைத்தனர்.

மொலோக்காய் குடியிருப்பு

வெளியாரின் வருகையோடு பரவிய தொழுநோயைக் கட்டுப்படுத்த, 1865 இல் ஐந்தாம் கமேகமேகா மன்னரின் அரசு நோயாளிகளைப் பிரித்து வைக்கும் சட்டத்தை இயற்றியது. 1866 முதல் அவர்கள் மொலோக்காயின் வடகரையிலுள்ள களவாவோவுக்கு அனுப்பப்பட்டனர். மூன்று புறம் கடலும் ஒரு புறம் செங்குத்தான மலையும் சூழ்ந்த அவ்விடத்திலிருந்து வெளியேறுவது மிகக் கடினம். உணவு, உறைவிடம், மருத்துவம் அனைத்தும் பற்றாக்குறையாக இருந்தன.

ஆயர் மெக்ரே, குருக்களை முறைமாற்றி அங்கு அனுப்பத் திட்டமிட்டார். 1873 மே 10 அன்று முதலாவதாகச் சென்ற தமியான், அங்கேயே நிலையாகத் தங்கிவிட்டார்.

பணிகள்

தமியான் புண்களைக் கழுவிக் கட்டினார். நோயாளிகளின் துணையுடன் வீடுகள் கட்டினார், குழாய் வழியே நீர் கொணர்ந்தார், கோவிலை விரிவாக்கினார், ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் அமைத்தார். இறந்தோருக்குப் பெட்டி செய்து, குழி தோண்டி அடக்கம் செய்தார். பலகைக்கும் துணிக்கும் மருந்துக்குமாகச் சுகாதார வாரியத்துடன் ஓயாமல் வாதிட்டதால், பிடிவாதக்காரர் என்ற பெயரும் பெற்றார்.

நோயாளிகளைத் தொடுவதை இவர் தவிர்க்கவில்லை. அவர்களுடன் ஒரே கலத்தில் உண்டார். நார்வே மருத்துவர் ஆன்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்ததும் இவர் மொலோக்காய் சென்ற 1873 ஆம் ஆண்டிலேயே ஆகும். எனினும் பயன்தரும் மருந்துகள் 1940களில்தான் கிடைத்தன.

நோயும் மறைவும்

1884 இறுதியில் கொதிநீரில் கால் பட்டும் வலி தெரியாததால் தமக்கு நோய் வந்துள்ளதை உணர்ந்தார். மறு ஆண்டு மருத்துவர் அதனை உறுதி செய்தார். அதன்பின்னும் கட்டடப் பணிகளை நிறுத்தவில்லை. 1886 இல் யோசெப் டட்டனும், 1888 இல் அருட்சகோதரி மரியான் கோப்பும் உதவிக்கு வந்தனர். 1889 ஏப்ரல் 15 அன்று, 49 ஆம் அகவையில் தமியான் இறந்தார்.

மறைவுக்குப் பின்

ஒனலூலுவின் புரோட்டஸ்தாந்து போதகர் ஐடு, இவரது ஒழுக்கத்தையும் தூய்மையையும் பழித்துக் கடிதம் எழுதினார். மொலோக்காய்க்கு நேரில் சென்று விசாரித்திருந்த எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், 1890 இல் வெளியிட்ட திறந்த மடலில் அதனை மறுத்தார். தமியானிடம் குறைகள் இருந்ததை ஒப்புக்கொண்டே அவரது தொண்டைப் போற்றினார்.

இவரது உடல் 1936 இல் பெல்ஜியத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு லூவேனில் அடக்கம் செய்யப்பட்டது. 1995 இல் வலக்கையின் எச்சம் மட்டும் களவாவோவுக்குத் திரும்பியது. ஹவாயின் கட்டாயத் தனிமைப்படுத்தல் 1969 இல் முடிவுக்கு வந்தது. அதுவரை சுமார் 8,000 பேர் அங்கு அனுப்பப்பட்டிருந்தனர். 2009 அக்டோபர் 11 அன்று திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் இவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.